எல்லா வட்டமும் பச்சை

மூன்றாவது நோயாளியும் அதே குரலில்தான் பேசினார்.

"ஹலோ, யாரு?"

மௌரீன் நாற்காலியில் நிமிர்ந்தாள். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"குப்புசாமி இருக்காருங்களா?"

"மேடம், மறுபடியும் நீங்களா? ஃபர்ஸ்ட்டு ஷகீலா பானுன்னீங்க. அப்புறம் மஞ்சுநாத்துன்னீங்க. இப்ப குப்புசாமியா? அவரு மூணாம் நம்பர் மெஷின்ல படுத்துட்டு இருக்காரு. கையில ஊசி. சேதி என்னான்னு சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்."

"நீங்க யாரு?"

"பிரிஸில்லா. பீன்யா சென்டர் ஸ்டாஃப் நர்ஸ்."

மௌரீன் மாநில டயாலிசிஸ் சேவை இயக்ககத்தின் திட்ட அலுவலர். தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் ஆபீஸ். கீழேயிருந்து பன் வாசனை வரும். மேலேயிருந்து அறிக்கைகள் போகும். அரசு டயாலிசிஸ் மையங்களில் இனி மஞ்சள் அட்டை கிடையாது, கம்ப்யூட்டர் திரையில் பெயர் இருந்தால்தான் படுக்கை என்பது புதுத் திட்டம். முதலில் பீன்யா மையம், அப்புறம் கோலார், பிறகு மாநிலம் முழுக்க. பீன்யாவில் திங்கட்கிழமை தொடக்கம். இன்று வெள்ளி.

புது முறை பற்றிய எஸ்எம்எஸ் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பழைய பதிவிலிருந்து நாலு பேரை அழைத்துக் கேட்கலாமே என்று நினைத்தாள். அவ்வளவுதான். அந்தத் திரையில் ஃபோன் எண் தெரியாது. தனியுரிமை. பெயரைத் தட்டினால் அழைப்பு தானாகப் போகும். அதனால்தான் மூன்று பெயருக்கும் ஒரே எண் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இவங்க எல்லாருக்கும் உங்க நம்பரா கொடுத்திருக்கீங்க?"

"பின்ன? பேர் ஏத்தணும்னா ஓடிபி கேக்குது மேடம். பேஷன்ட்டு ஃபோனு வீட்டம்மாகிட்ட இருக்கும். வீட்டம்மா கார்மென்ட்ஸ்ல இருப்பாங்க, அங்க உள்ள ஃபோனு வுட மாட்டாங்க. ஓடிபி லேட்டாச்சுன்னா முதல்லேர்ந்து மறுபடியும் ஏத்தணும். நான் ஊசி குத்தறதா, ஓடிபி தேடினு ஓடறதா? என் நம்பரைப் போட்டேன். டக்குனு வந்துச்சு, டக்குனு ஏத்தினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன் மேடம், தப்பா?"

மௌரீனின் விரல்கள் ஏற்கெனவே புது மென்பொருளைத் திறந்துகொண்டிருந்தன.

பிரிஸில்லாவிடம் எண்ணைக் கேட்டுத் தேடினாள். பழைய பதிவில் அதற்குக் கீழே முப்பத்தொரு நோயாளிகள்.

புதியதில் ஒரே ஒருவர். பெயர், கிளெமென்ட்.

முப்பது பேரைக் காணோம்.

~

"டூப்ளிகேட் ரூல் சூப்பரா வேலை செஞ்சிருக்கு மேம்," என்றான் சஞ்சய்.

சஞ்சய் ஆலோசனை நிறுவனத்தின் ஆள். திட்டத்தைக் கண்காணிக்க அரசு அமர்த்தியிருந்த நிறுவனம். சட்டை கசங்கிப் பார்த்தவர்கள் கிடையாது. அவன் லேப்டாப்பில் இல்லாத ஸ்லைடு உலகத்தில் இல்லை.

"என்ன பேசறீங்க சஞ்சய்? முப்பது பேர் காணாமப் போயிருக்காங்க!"

"காணாமப் போகல மேம். மெர்ஜ் ஆயிருக்காங்க. ஒரே ஃபோன் நம்பர்னா ஒரே ஆளு. கடைசியா பதிஞ்ச பேரு நிக்கும். கமிட்டி அப்ரூவ் பண்ண ரூல் இது."

"ஷகீலா பானுவும் குப்புசாமியும் எப்படிப்பா ஒரே ஆளாவாங்க?"

"லாஜிக்கலி ஆக மாட்டாங்க," என்று பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டான். "சிஸ்டம்படி ஆவாங்க."

"சரி, பிரிச்சு விடுங்க. இன்னிக்கே."

சஞ்சய் வாயால் காற்றை உள்ளே இழுத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கெட்ட சேதிக்கு முன்னால் இழுப்பார்களே, அப்படி.

"நேத்தே ஃப்ரீஸ் அறிவிச்சாச்சு மேம். லான்ச் முடியற வரைக்கும் ஒரு கமாவைக்கூட மாத்த முடியாது. மாத்தணும்னா சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடணும். சாஃப்ட்வேர் செஞ்ச வெண்டார் இம்பாக்ட் ரிப்போர்ட் தரணும். அப்புறம் கமிட்டி."

"கமிட்டி எப்போ?"

"மாசக் கடைசி."

"தொடக்கம் திங்கக்கிழமை. கமிட்டி மாசக் கடைசி. நடுவுல இவங்க ரத்தத்தை யாரு சுத்தம் பண்றது, நீங்களா?"

"மேம், இதை பர்சனலா எடுத்துக்காதீங்க."

"முப்பது பர்சன் சஞ்சய். பர்சனலாத்தான் எடுத்துக்கணும்."

~

இணை இயக்குநர் வெங்கடராமன்தான் திட்டக் குழுவின் தலைவர். மல்லேஸ்வரத்துக்காரர். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அரசு உத்தியோகம். கோபமே வராது. எதிரில் இருப்பவருக்கு வர வைத்துவிடுவார்.

அவர் அறைச் சுவரில் பெரிய திரை. அதில் திட்டத்தின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து. ஆனால் சிவப்பு வைத்தவர் அந்த வாரமே செயலாளர் அறைக்குப் போய்த் தானே விளக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் திரையில் ஒரு சிவப்புகூடப் பூத்ததில்லை. எப்போதாவது மஞ்சள் வரும். இங்கே மஞ்சள் பழுத்தால் பச்சையாகிவிடும்.

'நோயாளி விவரம் இடமாற்றம்' என்ற வரிக்கு எதிரே வட்டம் பச்சையாக ஜொலித்தது.

"அதை சிவப்பாக்குங்க சார்," என்றாள் மௌரீன்.

வெங்கடராமன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். முழுசாகக் கேட்டார். அதுதான் அவரிடம் பயங்கரம். எதையும் புரியாமல் விடமாட்டார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றார். "பாருங்கோ, மினிஸ்டர் டேட் கொடுத்தாச்சு. பந்தல்காரன் வந்தாச்சு. மேடையில ஒரு பட்டன் வெச்சிருக்கோம், அவர் அழுத்துவார்."

"அந்த பட்டனுக்கு வயரே கிடையாது சார். நானே பார்த்தேன்."

"அதனாலதான் அது ஃபெயில் ஆகாது." சிரித்தார். "இப்போ சிவப்பு வெச்சா ரெண்டு வருஷமா ஏன் பச்சைன்னு கேப்பா. யாரு பதில் சொல்றது?"

"ஓடிபி இல்லாம பேர் ஏத்தக் கூடாதுன்னு நம்ம கமிட்டிதானே சார் சொன்னது? போலி பேஷன்ட் வரக் கூடாதுன்னு."

"வரலையே! ஒரு போலியாவது வந்துதா?"

"நிஜமே வரல சார்!"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மத்தியானம் ரெடினஸ் மீட்டிங். அதுல சொல்லுங்கோ. மினிட்ஸ்ல ஏத்திடறேன்."

மத்தியானம் சொன்னாள். நிதித்துறை உறுப்பினர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகாதாரத்துறை டாக்டரம்மா வரவில்லை. சஞ்சய் அழகாக ஒரு வரி டைப் செய்தான்: திட்ட அலுவலரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது, இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும். தயார்நிலைச் சான்றிதழில் மௌரீன் கையெழுத்துப் போட மறுத்தாள். வெங்கடராமன் வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு, அவள் இடத்தில் தானே போட்டார்.

வட்டம் பச்சையாகவே இருந்தது.

~

சனிக்கிழமை காலை மெட்ரோ பிடித்து பீன்யாவுக்குப் போனாள். 'லீவு நாள்ல எங்க ஓடற?' என்று கேட்ட கணவன் லாயிடுக்கு, "வேலை செய்ய. வேலை நாள்ல விடமாட்டேங்கறாங்க" என்று பதில்.

லேத் பட்டறைகளுக்கு நடுவே அந்த மையம். எட்டு மெஷின்கள். எட்டுப் படுக்கையிலும் ஆள். பிரிஸில்லா குள்ளமாக, வேகமாக இருந்தாள். பேசும்போதுகூடக் கை ஏதோ ஒரு டியூபைச் சரிசெய்துகொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கை நின்றது.

"அப்ப என் நம்பர்னால…"

"உங்களால இல்ல. ஃபோன் வீட்டுல இருக்கும்னு யாரும் யோசிக்கல. அதை விடுங்க. திங்கக்கிழமை எத்தன பேரு?"

"என் நம்பர்ல இருக்கறவங்கள்ல ஒன்பது பேருக்கு மண்டே டர்ன். ரெண்டு நாளு தள்ளினா மூச்சு வாங்கும் மேடம். நுரையீரல்ல தண்ணி ஏறிடும். நீங்க ஆபீஸ்ல பேசினு இருக்கற டைம்ல ஆளு போயிடுவான்."

"திரையில கிளெமென்ட் பேரு மட்டும்தான் வரும்."

அடுத்த படுக்கையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஊசி குத்தாத கை. "நான்தான் மேடம் கிளெமென்ட். ஸ்பிரிங் கம்பெனில இருந்தேன். முப்பத்தொரு பேருக்கும் நான்தானா இப்ப? ரேஷன் கார்டுலகூட என் பேரைத் தப்பாத்தான் போட்டிருக்கான். இங்க இவ்ளோ மரியாதையா?"

"சும்னே இரு கிளெமென்ட், பிபி ஏறுது," என்றாள் பிரிஸில்லா. அப்புறம் மௌரீனைப் பார்த்தாள். "அட்டை இருக்கறவங்கள நான் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனா எழுத்துல ஒண்ணு வேணும். நாளைக்கு என் தலைதான் உருளும்."

மௌரீனுக்கு அந்த அதிகாரம் இல்லை. மையங்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இணை இயக்குநருக்கு மட்டும். வெங்கடராமனுக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

அங்கேயே, டயாலிசிஸ் மெஷின்கள் உறுமிக்கொண்டிருக்க, தன் அலுவலக மெயிலிலிருந்து தட்டினாள்: மஞ்சள் அட்டை வைத்திருக்கும் அனைவருக்கும் மறு உத்தரவு வரை வழக்கம்போல் படுக்கை ஒதுக்கவும்.

அனுப்பு.

~

திங்கட்கிழமை, பட்டன் அழுத்தப்பட்டது. கைதட்டல். திரையில் பூமழை அனிமேஷன்.

மேடைக்குப் பின்னால் மௌரீனின் ஃபோன் அதிர்ந்தது.

"மேடம், பெரிய கலாட்டா!" பிரிஸில்லா கத்தினாள். பின்னணியில் இன்னும் பல குரல்கள். "காணாமப் போனவங்க பெட்டையெல்லாம் காலின்னு நெனச்சு வெயிட்டிங் லிஸ்ட்காரங்களுக்கு கொடுத்திருக்குது உங்க கம்ப்யூட்டரு! ஒரு பெட்டுக்கு ரெண்டு பேரு நிக்கறாங்க. ஒருத்தன் அட்டையைக் காட்டறான், ஒருத்தன் எஸ்எம்எஸ்ஸைக் காட்டறான். ரெண்டு பேரும் நெசமான பேஷன்ட்டு. யாரை வெளிய போன்னு சொல்றது?"

"யாரையும் சொல்லாதீங்க. எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் ஓட்ட முடியுமா?"

"ஓட்டறேன். டெக்னீஷியன் கால்ல விழுந்தாவது ஓட்டறேன். ஆனா டியூப், ஃபில்டர் இருக்கற கிட்டு? திரையில பேர் வந்து டோக்கன் பிரின்ட் ஆனாத்தான் ஸ்டோர்ல கிட் கொடுப்பான். இவங்க பேரே இல்லியே!"

மேடையில் யாரோ மைக்கில் 'டிஜிட்டல் புரட்சி' என்றார்கள். மௌரீன் மறு காதைப் பொத்திக்கொண்டாள்.

"திரையில கிளெமென்ட் பேரு இருக்குல்ல?"

"இருக்கு."

"அவர் பேருல எத்தன டோக்கன் வரும்?"

ஒரு நிமிடம் கீபோர்டு தட்டும் சத்தம்.

"அய்யோ, கேட்டுனே இருக்கு மேடம், இன்னொண்ணு வேணுமா, இன்னொண்ணு வேணுமான்னு!"

"எடுங்க."

அன்றைக்கு பீன்யாவில் ஒருவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. ஷகீலா பானு, மஞ்சுநாத், குப்புசாமி, எல்லோரும் கிளெமென்ட்டாகப் படுத்து கிளெமென்ட்டாக எழுந்தார்கள். அந்த வாரம் முழுக்க அப்படியே.

வெள்ளிக்கிழமை சஞ்சயின் ஸ்லைடு வந்தது. பீன்யா மையத்தின் திறன் பயன்பாடு முன்பைவிடக் கால் பங்கு அதிகம். புகார், பூஜ்யம். பெரிய பச்சை வட்டம், பக்கத்தில் கட்டைவிரல் படம். கோலாரில் பத்தே நாளில் தொடங்கப் பரிந்துரை. அதே விதி. அதே மெர்ஜ்.

மௌரீன் அந்த ஸ்லைடை வெறித்துப் பார்த்தாள். அவள் காப்பாற்றிய ஒவ்வொருவரும் அந்த வட்டத்துக்கு ஒரு கோட்டிங் பச்சை அடித்திருந்தார்.

ஸ்லைடுக்குப் பின்னாலேயே இன்னொரு காகிதம் வந்தது. மெமோ. அதிகாரமின்றி மையத்துக்கு உத்தரவு அனுப்பியது ஏன்? விளக்கம் தருக.

~

"ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுங்கோ," என்றார் வெங்கடராமன். கதவைச் சாத்தியிருந்தார். "மெமோவை அப்படியே மூடிடறேன். உங்க சர்வீஸ்ல ஒரு கறை விழாது."

"கோலார் சார்?"

"கோலார் நர்ஸ்கள்கிட்ட நீங்களே ஃபோன்ல சொல்லிடுங்கோ. பீன்யாவுல செஞ்ச மாதிரியே. ஆனா வாய் வார்த்தையா."

மௌரீனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"எழுதினதுக்கு மெமோ. அதையே வாயால சொன்னா சரியா சார்?"

"எழுதினா சிஸ்டம் தப்புன்னு ஆயிடும். வாயால சொன்னா ஜனங்களுக்கு பெட் கிடைக்கும். உங்களுக்கு எது வேணும்?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் அவளைத் தூங்கவிடவில்லை. வாயால் சொன்னால் கோலார் பிழைக்கும். அப்புறம் ராய்ச்சூர், பெல்லாரி, பீதர்… எத்தனை நர்ஸ்களுக்கு ஃபோன் செய்வாள்? எந்த ஊரில் எந்த நர்ஸ் எடுக்காமல் விடுவாள்?

அவளுக்கு வேறொன்றும் தெரியும். சேஞ்ச் ரிக்வெஸ்ட்டை மாசக்கணக்கில் வரிசையில் நிறுத்தலாம். கருத்தைக் 'குறித்துக்கொள்ளலாம்'. ஆனால் மெமோ என்று ஒன்று கொடுத்துவிட்டால், அதற்கு வந்த விளக்கத்தை முழுசாகக் குழுவின் முன் படித்தாக வேண்டும். ஒரு வரி விடக் கூடாது. தண்டிப்பதற்கான நடைமுறை மட்டும் இந்த ஆபீஸில் அவ்வளவு சுத்தம்.

விளக்கம் எழுதினாள்.

~

அவசரக் கூட்டம். கோலாருக்கு ஒப்புதல், கூடவே மெமோ. இந்தத் தடவை சுகாதாரத்துறை டாக்டரம்மா வந்திருந்தார்.

சஞ்சய்தான் படிக்க வேண்டியதாயிற்று. "உத்தரவு அனுப்பியது உண்மை. அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்பதும் உண்மை. இணைப்பில் முப்பது பெயர்கள். இவர்கள் அனைவரும் சென்ற வாரம் கிளெமென்ட் என்ற ஒருவரின் பெயரில் சிகிச்சை பெற்றனர். திங்கட்கிழமை மட்டும் கிளெமென்ட்டுக்கு ஒன்பது முறை டயாலிசிஸ் செய்ததாகக் கணினி சொல்கிறது…"

"ஒம்பத்து சலவா?" டாக்டரம்மா கன்னடத்தில் குறுக்கிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரே நாளில் ஒன்பது தடவை செய்தால் ஆள் உயிரோடு இருப்பானா, இதைப் பார்த்துத்தான் பச்சை கொடுத்தீர்களா, யாருக்கும் சந்தேகமே வரவில்லையா என்று வரிசையாகக் கேட்டார்.

சஞ்சய் லேப்டாப்பைப் பார்த்தான். அதில் இதற்கு ஸ்லைடு இல்லை.

"முடிச்சிடுங்க சஞ்சய்," என்றாள் மௌரீன். "கடைசி வரி இருக்கு."

அவன் தொண்டையைச் செருமினான். "தண்டனை வழங்குமுன், இந்த முப்பது பேரில் யாருக்குப் படுக்கை கொடுத்திருக்கக் கூடாது என்பதைக் குழு எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

நிதித்துறை உறுப்பினர் மொபைலைக் கவிழ்த்து வைத்தார்.

வெங்கடராமன் மெல்லத் தலையாட்டினார். இதிலும் அவருக்குக் கோபம் வரவில்லை.

"கோலார் லான்ச் ஒத்திவைக்கப்படறது. நிர்வாகக் காரணம்னு போட்டுக்கோ சஞ்சய். அதிகாரம் மீறினதுக்கு திட்ட அலுவலருக்கு எச்சரிக்கை. அது தனி. விதின்னா விதி." சுற்றிலும் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லியே? காபி சாப்பிடலாம்."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள்.

மௌரீன் எழவில்லை.

"பீன்யா சார்."

"பீன்யாதான் நன்னா நடக்கறதே?"

"நாளைக்குக் காலையிலயும் கிளெமென்ட் பேருலதான் டோக்கன் எடுப்பாங்க. ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா ரிப்போர்ட் கிளெமென்ட் பேருல போகும். மருந்து அளவு கிளெமென்ட்டோடது வரும். அந்தப் பேர்களை எப்போ பிரிக்கறீங்க?"

"பிரிக்கலாம், பிரிக்கலாம். ப்ராசஸ் இருக்கே."

"தேதி சொல்லுங்க சார்."

"மௌரீன், எச்சரிக்கை இப்போதான் கொடுத்திருக்கேன். மை காயல."

"காயட்டும் சார். தேதி."

வாசல் வரை போன டாக்டரம்மா திரும்பி வந்து தன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். நிதித்துறைக்காரர் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். போவதா இருப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை. வெளியே பியூன் காபித் தட்டோடு எட்டிப் பார்த்துவிட்டு விலகினான்.

வெங்கடராமன் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். அப்புறம் உட்கார்ந்தார்.

"சஞ்சய், வெண்டாரை லைன்ல போடுப்பா."

"சார், ஃப்ரீஸ்…"

"போடுன்னேன்."

ஸ்பீக்கரில் ரிங் போக ஆரம்பித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றாள் மௌரீன்.